மான் வேட்டைக்குக் குறுக்கு வில்லா, மரபு வில்லா? ஒன்ராறியோவில் புதிதாகத் தொடங்குவோருக்கு

எந்த வில் சிறந்தது என்று கேட்டுக்கொண்டிருந்தால் விவாதம்தான் வளரும். மூன்று விஷயங்களை ஒரு தாளில் எழுதுங்கள்: வில் வேட்டைக்காலம் தொடங்க எத்தனை மாதம் இருக்கிறது, வாரத்தில் எத்தனை நாள் அம்பு எய்ய முடியும், அதை எங்கே எய்யப்போகிறீர்கள். பெரும்பாலானவர்களுக்கு இந்தத் தாளே முடிவைச் சொல்லிவிடும்.

ஒன்ராறியோவின் பல வேட்டைப் பிரிவுகளில் வெள்ளைவால் மானுக்கான வில் வேட்டைக்காலம் ஒக்டோபர் 1 அன்று திறக்கிறது. ஜூலையில் முடிவெடுத்து அதே வருடம் காட்டுக்குப் போக விரும்புபவர் குறுக்கு வில்லை (துப்பாக்கிபோல் விசையை அழுத்தி எய்யும் கிராஸ்போ) எடுக்கட்டும். முந்திய குளிர்காலத்திலிருந்தே வாரம் நான்கு நாள் எய்யக்கூடியவர் மரபு வில்லைப் பற்றி, அதாவது ரிகர்வ் (நுனிகள் முன்னோக்கி வளைந்த வில்) அல்லது நீள்வில்லைப் பற்றி யோசிக்கலாம். இரண்டுக்கும் இடையில் நிற்பவர்கள் முதல் வருடம் குறுக்கு வில்லோடு வேட்டையாடிக்கொண்டு, வீட்டில் குறைந்த இழுவிசை வில்லில் பழகுவதே நல்லது. கப்பிகள் பூட்டிய காம்பவுண்ட் வில் என்ற மூன்றாவது வழியும் இருக்கிறது. அதற்குத் தனிக் கட்டுரை வேண்டும்.

இங்கே எழுதியிருப்பது ஒன்ராறியோவுக்கு உரியது. பிரித்தானியாவில் வில்லால் வேட்டையாடுவதே சட்டவிரோதம். அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் மரபு வில் சரி, குறுக்கு வில் கூடாது. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி மான் வேட்டை குற்றம். வேறு நாட்டிலோ மாகாணத்திலோ இருக்கும் உறவினருக்கு இதை அனுப்புவதானால் இந்தப் பத்தியையும் சேர்த்தே அனுப்புங்கள்.

முதலில் சட்டம்

வில்லுக்கும் குறுக்கு வில்லுக்கும் துப்பாக்கி உரிமம் தேவையில்லை. ஒன்ராறியோ வேட்டைக் கல்விப் பாடநெறியை முடித்துப் பரீட்சையில் தேறி, வேட்டைத் தகுதியுள்ள அவுட்டோர்ஸ் கார்டைப் பெற வேண்டும். துப்பாக்கிப் பாடநெறி செய்யாதவருக்குக் கிடைப்பது எச்2 தகுதி. இரண்டு வகை வில்லுக்கும் அது போதும். அதற்கு மேல் மான் அனுமதிப்பத்திரமும், தனியார் நிலத்தில் வேட்டையாடுவதானால் அதன் சொந்தக்காரரிடம் அனுமதியும் வேண்டும். வாய்ச்சொல் அனுமதியை விடக் கையெழுத்திட்ட ஒரு தாள் பாதுகாப்பானது.

கருவிகளுக்கான குறைந்தபட்ச அளவுகளைக் கடைக்குப் போகுமுன் தெரிந்துகொள்ளுங்கள். மானுக்கு மரபு வில்லின் இழுவிசை குறைந்தது 18 கிலோ, அதாவது ஏறத்தாழ 40 இறாத்தல் இருக்க வேண்டும். அந்த விசை 700 மில்லிமீற்றருக்கு மேற்படாத இழுப்பிலேயே வர வேண்டும். அம்பின் நீளம் குறைந்தது 600 மில்லிமீற்றர். குறுக்கு வில்லுக்கு இழுவிசை 45 கிலோ, இழுப்பு நீளம் 300 மில்லிமீற்றர். இரண்டிலும் பிராட்ஹெட் எனப்படும் வெட்டுமுனை குறைந்தது 22 மில்லிமீற்றர் அகலமும் இரண்டு கூரான வெட்டு விளிம்புகளும் கொண்டிருக்க வேண்டும். மூஸ், கரடி ஆகியவற்றுக்கு இழுவிசை வரம்புகள் இன்னும் அதிகம். மாகாண அரசு வருடாவருடம் வெளியிடும் வேட்டை விதிச் சுருக்கத்தில் உங்கள் பிரிவின் திகதிகளையும் இந்த அளவுகளையும் அந்தந்த வருடம் சரிபாருங்கள்.

ஒற்றைக் கையால் குறிவைத்து எய்யக்கூடிய குறுக்கு வில்லும், 500 மில்லிமீற்றருக்கு மேற்படாத நீளமுள்ளதும் கனடா முழுவதும் தடைசெய்யப்பட்டவை. இணையத்தில் மலிவாக விற்கும் 'பிஸ்டல்' வகைகள் இதில் அடங்கும். வாங்கினால் பணத்தோடு போகாது, வழக்கும் வரும்.

தூரக் கணக்கு

குறுக்கு வில் வாங்குபவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இதுதான். நின்ற இலக்கில் 60 யார்டில் குறுக்கு வில் அழகாகக் குழுவாக அடிக்கும். மான் அப்படி நின்றுகொண்டிருக்காது. நாண் விடும் ஓசை கேட்டதும் பாய்வதற்காக முதலில் உடலைத் தாழ்த்தும். அம்பு குறியில் போகும், மான் குறிக்குக் கீழே போய்விடும்.

ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 340 மீற்றர் வேகத்தில் போகிறது. ரிகர்விலிருந்து புறப்படும் அம்பு விநாடிக்கு சுமார் 170 அடி. நடுத்தரக் குறுக்கு வில்லின் அம்பு 380 அடி, அதாவது 116 மீற்றர். எந்த அம்பும் தன் ஓசையை முந்துவதில்லை. ஓசை காதில் விழுந்து 0.1 விநாடி கழித்து மான் தாழத் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அம்பு வந்து சேருமுன் மான் எவ்வளவு தாழும் என்று கணக்கிட்டால், மரபு வில்லில் 15 யார்டில் சுமார் 7 சென்ரிமீற்றர், 20 யார்டில் சுமார் 20 சென்ரிமீற்றர். குறுக்கு வில்லில் 40 யார்டில் 6, 7 சென்ரிமீற்றர், 60 யார்டில் 20க்கு மேல். மானின் இதயமும் நுரையீரலும் சேர்ந்த பகுதி 20 சென்ரிமீற்றர் அகலத் தட்டளவுதான். 7 விலகினால் அம்பு இன்னும் நுரையீரலில் இருக்கும். 20 விலகினால் முதுகெலும்புக்கு மேலே போகும், அல்லது மான் காயத்தோடு ஓடும்.

இதிலிருந்து கிடைப்பது எளிய விதி. மரபு வில்லுக்கு 15 யார்டு, குறுக்கு வில்லுக்கு 40 யார்டு. மான் தலை குனிந்து மேய்ந்துகொண்டிருந்து, காற்று இலைகளை அசைத்துக்கொண்டிருந்தால் மரபு வில்லில் 20 வரை போகலாம்; மரபு வில்லின் ஓசை குறைவு என்பதும் அங்கே உதவும். காதை நிமிர்த்தி உங்கள் பக்கம் பார்க்கும் மானுக்கு இரண்டு தூரங்களையும் குறையுங்கள், அல்லது எய்யாதீர்கள். பெட்டியில் விநாடிக்கு 450 அடி என்று எழுதியிருப்பதைப் பார்த்து 70 யார்டுக் கனவு காணாதீர்கள். அந்தக் கூடுதல் வேகம் 40 யார்டுக்குள் தூரத்தைத் தவறாக மதிப்பிட்டாலும் காப்பாற்றும். அதன் உண்மையான பயன் அதுவே.

மரபு வில்லுக்காரர் 15 யார்டுக்குள் மானை வரவழைக்க வேண்டும். அதற்குத் தடம் படிக்கவும், காற்றை அறியவும், அசையாமல் இருக்கவும் கற்க வேண்டியிருக்கும். மான் அருகில் நிற்கும்போதே நாணை இழுத்தாகவும் வேண்டும். அந்த அசைவைக் கண்டே பல மான்கள் போய்விடும். குறுக்கு வில் ஏற்கெனவே பூட்டிய நிலையில் மடியில் இருக்கும், விரல்தான் அசைய வேண்டும். புதியவருக்கு வேகத்தை விடப் பெரிய உதவி இது.

உடம்பும் கண்ணும்

தோள்பட்டையில் பழைய காயம் இருந்தால், 45 இறாத்தலை மூன்று விரலால் இழுத்துச் சில விநாடி நிறுத்த முடியாவிட்டால், குறுக்கு வில். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. ஆனால் குறுக்கு வில்லின் எடையை நினைவில் வையுங்கள்: தொலைநோக்கியோடு 7 முதல் 9 இறாத்தல் வரும், எடையெல்லாம் முன்பக்கம். ரிகர்வ் 3 இறாத்தலைத் தாண்டாது. தூரம் நடந்து போய்த் தேடுபவருக்கு இந்த வித்தியாசம் மாலையில் தெரியும்.

எந்தக் கண் ஆளும் கண் என்று பாருங்கள். இரு கைகளாலும் சிறு முக்கோண இடைவெளி செய்து, தூரத்தில் ஒரு பொருளை அதற்குள் வைத்து, ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண்ணைத் திறந்து வைத்தால் பொருள் இடைவெளிக்குள்ளேயே நிற்கிறதோ அதுவே ஆளும் கண். வலக்கைக்காரர் இடக்கண் ஆளுபவராக இருந்தால் மரபு வில்லை இடக்கை வில்லாக வாங்கிப் பழகுவதே நல்லது. தொலைநோக்கி உள்ள குறுக்கு வில்லில் ஒரு கண்ணை மூடிச் சமாளிக்கலாம்.

எங்கே பழகுவது

ரொறன்ரோ பெரும்பாகத்தில் இருப்பவர்கள் வில்லைத் தேர்வதற்கு முன்பே இதைத் தீர்க்க வேண்டும். பல நகராட்சிகளின் துணைவிதிகள் வீட்டுப் பின்வளவில் அம்பு எய்வதையும் தடுக்கின்றன. உங்கள் நகராட்சியின் விதியை வாசித்துப் பாருங்கள். ரொறன்ரோவின் ஈ. ரி. சீட்டன் பூங்காவில் பொது வில்வித்தைத் திடல் இருக்கிறது. எந்தத் திடலுக்குப் போனாலும் பலகையில் உள்ள விதிகளை முதலில் பாருங்கள்: மரபு வில்லை வரவேற்கும் இடங்கள் பல குறுக்கு வில்லையும் வெட்டுமுனையையும் அனுமதிப்பதில்லை. குறுக்கு வில் வாங்கிவிட்டு எய்ய இடமில்லாமல் அலைவதை விட, அதற்கு இடமுள்ள கழகத்தின் அங்கத்துவத்தை முதலில் எடுங்கள்.

மரபு வில்லைத் தேர்ந்தால்

பிரித்து மாட்டக்கூடிய ரிகர்வை வாங்குங்கள், 60 அல்லது 62 அங்குல நீளம். முதலில் 30 முதல் 35 இறாத்தல் கைகள் (பிடிக்கு மேலும் கீழும் மாட்டும், வளையும் பகுதிகள்). ஆறேழு மாதம் கழித்து அதே பிடியில் 45 இறாத்தல் கைகளை மாட்டலாம். தொடக்கத்திலேயே 50 வாங்குபவர் முழுதாக இழுக்குமுன்பே நாணை விட்டுவிடும் பழக்கத்துக்கு ஆளாவார். அது ஒட்டிக்கொண்டால் நீக்க ஒரு வருடம் போகும்.

வில்லில் எழுதியிருக்கும் இறாத்தல் 28 அங்குல இழுப்புக்கு உரியது. இரு கைகளையும் விரித்து நடுவிரல் நுனிகளுக்கிடையே அளந்து 2.5ஆல் வகுத்தால் உங்கள் இழுப்பு ஏறத்தாழக் கிடைக்கும். ஓர் அங்குலம் குறைந்தால் 2 முதல் 3 இறாத்தல் குறையும். 26 அங்குலம் இழுப்பவரிடம் 45 இறாத்தல் வில் 40 அளவில்தான் நிற்கும், அதாவது சட்ட வரம்பின் விளிம்பில். கடையில் வில் தராசில் மாட்டி உங்கள் இழுப்பில் அளந்து பாருங்கள். நாணேற்ற எப்போதும் நாணேற்றுக் கயிற்றையே பயன்படுத்துங்கள். காலுக்கிடையில் வில்லை வைத்து வளைத்தால் வில்லின் கைகள் முறுகிவிடும்.

அம்பின் எடையை ஓர் இறாத்தலுக்கு 10 கிரெயின் என்று கணக்கிடுங்கள். 45 இறாத்தலுக்கு 450 கிரெயின், சுமார் 29 கிராம். 8க்குக் கீழே இறங்கினால் வில் அதிரும், ஓசை கூடும், ஊடுருவலும் குறையும். கார்பன் அம்பில் 500 அல்லது 600 என்ற விறைப்பு எண்ணிலிருந்து (ஸ்பைன்) தொடங்கலாம். வெட்டாமல் முழு நீளமாகவே வாங்கி, இறகில்லாத அம்பையும் இறகுள்ள அம்பையும் 15 யார்டில் எய்து ஒப்பிடுங்கள். வலக்கைக்காரருக்கு இறகில்லாதது இடப்பக்கம் விழுந்தால் அம்பு விறைப்பு அதிகம்: முனை எடையைக் கூட்டுங்கள். வலப்பக்கம் விழுந்தால் விறைப்பு போதாது: கால் அங்குலம் கால் அங்குலமாக வெட்டுங்கள். இறகில்லாதது கீழே விழுந்தால் நாணில் நொக் (அம்பின் பின்முனைப் பிளவு) பொருந்தும் இடம் உயரமாக இருக்கிறது, இறக்குங்கள். வில்லின் தாங்கு மேடையிலிருந்து நேரடியாக எய்வதானால் உண்மையான பறவை இறகே வேண்டும். பிளாஸ்டிக் இறகு மேடையில் பட்டு உதைத்து அம்பைத் திருப்பிவிடும்.

பயிற்சியின் முதல் மாதம் 5 யார்டில், பெரிய இலக்கில், குறி எதுவும் இல்லாமல். கைவிரல் கன்னத்தில் அல்லது வாயோரத்தில் ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் வந்து நிற்கிறதா, நாண் முதுகுத் தசையால் இழுபடுகிறதா என்பதை மட்டும் பாருங்கள். நாளுக்கு 30, 40 அம்பு போதும். களைத்த பின் எய்யும் அம்புகள் பிழையைத்தான் பழக்கும். பிறகு 10, 15, 20 என்று நகருங்கள். கோடை முடியுமுன் வேட்டைக்குப் போடப்போகும் தடித்த மேலங்கியை அணிந்து, கதிரையில் இருந்தபடியும் முழங்காலிட்டும் எய்ய வேண்டும். அப்போதுதான் வில்லின் கீழ்நுனி கதிரையில் தட்டுவதும், நாண் சட்டைக்கையில் உரசுவதும் தெரியவரும். முன்கைக்கு இறுக்கமான காப்பு அணிந்தால் இரண்டாவது தீரும்.

தேர்ச்சிக்கு ஒரே ஒரு சோதனை: நாளின் முதல் அம்பு. காலையில் உடலைச் சூடாக்காமல் ஒரு அம்பு எய்து அதை மட்டும் குறித்துவையுங்கள். காட்டில் உங்களுக்குக் கிடைப்பது அந்த அம்புதான். பத்து நாள் முதல் அம்புகளில் ஒன்பது தட்டளவு வட்டத்தில் விழும் தூரமே உங்கள் தூரம். அது 12 யார்டு என்றால் 12 யார்டுதான்.

வெட்டுமுனை நிலையானதாக, இரண்டு அலகு உள்ளதாக, கைமயிரை மழிக்கும் கூருள்ளதாக இருக்கட்டும். விரியும் வகை மரபு வில்லுக்கு ஆகாது. விரிவதற்கே அம்பின் ஆற்றலில் ஒரு பங்கு போய்விடும்.

குறுக்கு வில்லைத் தேர்ந்தால்

கற்க எளிது என்பதால் பலர் பாதுகாப்பைப் பற்றி அரைகுறையாகவே தெரிந்துகொண்டு கிளம்பிவிடுகிறார்கள். வில்லைத் தாங்கும் கையின் பெருவிரலை ரெயிலுக்கு (அம்பு கிடக்கும் தடம்) மேலே நீட்டியபடி விசையை அழுத்தினால் 150 இறாத்தலுக்கு மேற்பட்ட விசையோடு வரும் நாண் விரலைச் சிதைத்துவிடும். பெருவிரல் எப்போதும் ரெயிலுக்குக் கீழே. கைக்காப்புத் தட்டு உள்ள வில்லையே வாங்குங்கள்.

நாண் பூட்டும்போது கால்வளையத்தில் பாதத்தை முழுதாக வைத்து, கயிற்றுப் பூட்டியின் இரு கொக்கிகளையும் ரெயிலை ஒட்டி மாட்டி, இரு கைகளாலும் ஒரே சீராக இழுங்கள். கயிற்றுப் பூட்டி பாரத்தைப் பாதியாக்கும்: 180 இறாத்தல் வில்லுக்கு 90. அதுவும் கடினம் என்றால் சுழற்சிப் பூட்டி உள்ளதை வாங்குங்கள். நாண் ஓய்வில் இருக்கும்போது ரெயிலின் இரு விளிம்பிலும் நாணில் மையால் கோடு போடுங்கள். பூட்டிய பின் இரு கோடுகளும் நாணைப் பிடித்திருக்கும் விசைக் கொக்கியிலிருந்து சம தூரத்தில் இருக்க வேண்டும். சில மில்லிமீற்றர் விலகினாலும் 30 யார்டில் அம்பு கையகலம் தள்ளிப்போகும். தொலைநோக்கி பிழை என்று நினைத்து அதைத் திருகிக்கொண்டிருப்பவர்களில் பலருக்கு உண்மையான கோளாறு இதுதான்.

அம்பின் நொக் வகையையும் எடையையும் தயாரிப்பாளர் சொன்னபடியே வையுங்கள். தட்டை, அரைவட்டம், கவ்வும் வகை என்று நொக்குகள் பலவிதம். தவறான நொக் இருந்தால் நாண் அம்பின் மேலாகத் தாவும். அது வெறும் நாணை விட்டதற்குச் சமம், வில்லின் கைகள் பிளக்கும். எடை குறைந்த அம்பும் அதே சேதத்தை மெதுவாகச் செய்யும். தனி நிற இறகு உள்ள அம்பில் அது ரெயில் பள்ளத்துக்குள் இருக்கும்படி வைத்து, அம்பு பின்னால் நாணைத் தொடுகிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள்.

20 யார்டில் தொலைநோக்கியைச் சரிசெய்து, 30, 40 யார்டுக் கோடுகளை ஒவ்வொன்றாக எய்து உறுதிப்படுத்துங்கள். இலக்கு குறுக்கு வில்லுக்கென்று செய்ததாக இருக்கட்டும். சாதாரண ஸ்பொஞ்ச் இலக்கில் அம்பு ஊடுருவிப் போகும், இல்லையென்றால் உருகி ஒட்டும். ஒரே புள்ளியில் இரண்டு அம்பு எய்தால் ஒன்று மற்றதைப் பிளக்கும், விலை அதிகம். வேட்டைக்குக் கொண்டுபோகும் வெட்டுமுனையோடும் கட்டாயம் எய்து பாருங்கள். இந்த வேகத்தில் நிலையான அலகுகள் காற்றைப் பிடித்து அம்பை விலக்கும். நாணுக்கு மெழுகு, ரெயிலுக்கு எண்ணெய் என்பவற்றைக் கையேடு சொன்ன இடைவெளியில் போடுங்கள். நாணின் நடுச்சுற்று பிரிந்திருந்தால் அன்று எய்யாதீர்கள்.

பூட்டிய வில்லை இரவு முழுவதும் அப்படியே வைக்கக்கூடாது. நாளின் முடிவில் பழைய அம்பு ஒன்றை இலக்கிலோ மென்மண்ணிலோ எய்து நாணை விடுங்கள். அதற்கென்று முனை மழுங்கிய அம்பு ஒன்று தூணியில் இருக்கட்டும்.

பரணிலும் அதற்குப் பிறகும்

பரணில் ஏறுமுன் உடல் முழுவதும் மாட்டும் ஹார்னஸ், தரையிலிருந்தே கட்டிய பாதுகாப்புக் கயிற்றோடு. வில்லைக் கையில் எடுத்துக்கொண்டு ஏறாதீர்கள். குறுக்கு வில்லின் நாண் பூட்டாத நிலையில், அம்புகள் தூணியில் மூடியபடி, கயிற்றால் பின்னர் இழுத்தெடுங்கள். உட்கார்ந்ததும் குறுக்கு வில்லின் கைகள் இரு பக்கமும் தடையின்றி விரியுமா என்று பாருங்கள். கிளையிலோ கூடாரச் சாளரத்தின் ஓரத்திலோ கைநுனி தட்டினால் வில் உடைந்து முகத்தில் தெறிக்கும். மரபு வில்லுக்கு மேலும் கீழுமாகச் சேர்த்து 5 அடிக்கு மேல் இடம் வேண்டும், அதனால் மறைப்புக் கூடாரம் உயரமானதாக இருக்க வேண்டும்.

மான் பக்கவாட்டில் நிற்கும்போது, அல்லது சற்று விலகித் திரும்பி நிற்கும்போது மட்டும் எய்யுங்கள். முகத்துக்கு நேராக நிற்கும் மானுக்கு இரண்டு வில்லாலும் எய்யக்கூடாது. குறுக்கு வில்லில் இரண்டாவது அம்பு இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். மீண்டும் பூட்டுமுன் மான் போயிருக்கும்.

எய்த பின் இறங்கி ஓடாதீர்கள். அம்பை எடுத்துப் பாருங்கள். இளஞ்சிவப்பு நுரைக் குருதி என்றால் நுரையீரல், அரை மணி நேரம் காத்திருந்து தொடரலாம். கருஞ்சிவப்பு என்றால் ஈரலாக இருக்கலாம், நாலு மணி நேரம். பச்சைக் கசடும் நாற்றமும் இருந்தால் குடல். எட்டு மணி நேரமாவது விட வேண்டும். அவசரப்பட்டுத் துரத்தினால் படுத்திருக்கும் மான் எழுந்து பல கிலோமீற்றர் போய், யாருக்கும் கிடைக்காமல் இறக்கும். சூரியன் மறைந்து அரை மணி நேரத்துக்குப் பின் வில்லும் உறைக்குள் இருக்க வேண்டும் என்பதால், இருட்டில் தேடப் போகும்போது அதை வண்டியில் உறையிட்டு வைத்துவிட்டு விளக்கை எடுத்துக்கொள்ளுங்கள்.

மானைக் கண்டதும் வேறெதையும் தொடங்குமுன் டேக்கை (மானுக்குரிய குறிச்சீட்டு) விதிப்படி வெட்டிக் குறித்துவிடுங்கள். வேட்டைக்காலம் முடிந்ததும் மாகாணத்துக்கு வேட்டை அறிக்கை அனுப்ப வேண்டும். மான் கிடைக்காதவரும், அனுமதிப்பத்திரம் வாங்கிவிட்டு ஒரு நாள்கூடக் காட்டுக்குப் போகாதவரும் அதை அனுப்பியே ஆக வேண்டும்.